லிஸ்பன் நகரில் மூன்று தினங்கள்

ஐரோப்பாவுக்குச் செல்கிறவர்கள் லண்டனைப் பார்க்கிறார்கள், பாரிஸைப் பார்க்கிறார்கள், கையில் இன்னும் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் ரோமாபுரிக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிறார்கள். அந்தக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், தேஜோ நதி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கும் இடத்தருகே, குன்றுகளின் மேல் ஏறியும் இறங்கியும் கிடக்கிற லிஸ்பன் பட்டணம் நம்மவர்களின் ஞாபகத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. ஆச்சரியந்தான்! கடல் வழியாக நம் கரைக்குக் கப்பல் அனுப்பிய முதல் ஐரோப்பியத் தலைநகரம் அது. நம்மோடு முதலில் வியாபாரம் பேசியதும், பிறகு பீரங்கியால் பேசியதும் அந்த ஊர்க்காரர்களே.

2023-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில், பாரிஸில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தோம். மூன்று நாள் எங்கேயாவது வெளியூர் போய் வரலாம் என்ற பேச்சு எழுந்ததும் வீட்டில் மகாசபை கூடிற்று. மனைவி வெனிஸ் என்றாள். ஒன்பது வயதுப் பையன், எந்த ஊரானாலும் டிராம் வண்டி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தான். பதினான்கு வயதுப் பெண் மாத்திரம், "அப்பா தீர்மானம் செய்துவிட்டுத்தான் நம்மைக் கேட்கிறார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு லிஸ்பனில் இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, வாஸ்கோ ட காமாவின் கல்லறை. மற்றொன்று, ஒரு சிறு புத்தகம். புத்தகத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாரிஸிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். இறங்கியதும் முதலில் கண்ணைக் கவர்வது வெளிச்சம். வட ஐரோப்பாவின் மந்தாரம் இங்கே இல்லை. நம் ஊர் மாசி மாதத்து வெயில் போல் இதமாக அடிக்கிறது. வீட்டுச் சுவர்களுக்கு நீலமும் வெள்ளையுமாகப் பளிங்கு போன்ற ஓடுகள் பதித்திருக்கிறார்கள். நடைபாதைகளில் கறுப்பு, வெள்ளைச் சிறு கற்களை அடுக்கி அலை அலையாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, நடக்கச் சறுக்கு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாமா என்று என் மனைவி இருமுறை யோசித்தாள்.

பையனின் நிபந்தனையை நிறைவேற்றியது 28-ஆம் நம்பர் டிராம். சென்னையில் 1953-இல் மறைந்துபோன அந்த வாகனம் இங்கே மஞ்சள் வர்ணம் பூசிக்கொண்டு, கடகடவென்று மேடேறிக்கொண்டிருக்கிறது. அல்பாமா என்ற பழைய பேட்டையில் தெரு எவ்வளவு குறுகலென்றால், வண்டியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்காரர்கள் உலர்த்தியிருக்கும் துணியைத் தொட்டுவிடலாம். அல்பாமா என்பது அரபிப் பெயர். சில நூற்றாண்டுகள் இந்த நகரம் முஸ்லிம் அரசர்களிடம் இருந்தது. 1147-இல் போர்ச்சுக்கலின் முதல் அரசனான அபோன்ஸோ என்ரிக்கெஸ் அதை முற்றுகையிட்டுப் பிடித்தான். குன்றின் உச்சியிலிருக்கும் கோட்டையில் நின்று பார்த்தால், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள். அதற்கப்பால் சமுத்திரமோ என்று மயங்கும்படி அகலமான தேஜோ நதி.

கோட்டையிலிருந்து பார்க்கும்போதே ஒரு விஷயம் விளங்குகிறது. சுற்றிலும் தெருக்கள் பாம்பு போல் நெளிகின்றன. நடுவில் பள்ளமான பகுதியில் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல் நேராக ஓடுகின்றன. காரணம் 1755-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி. அன்று கிறிஸ்தவர்களுக்குச் சகல அர்ச்சிஷ்டர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல் கோவில்களில் ஜனங்கள் நெருக்கி நின்று பூஜை கண்டுகொண்டிருந்தபோது பூமி அதிர்ந்தது. கட்டடங்கள் சரியவே, உயிர் தப்பியவர்கள் திறந்த வெளியென்று நதிக்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடல் பொங்கி வந்து அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அதற்குள் கோவில்களில் ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் நெருப்புப் பிடித்து, நாட்கணக்கில் எரிந்தது. மாண்டவர் பல்லாயிரம் பேர். நதிக்கரையிலிருந்த அரண்மனையும் அதன் நூல்நிலையத்திலிருந்த சுமார் எழுபதினாயிரம் புத்தகங்களும் போயின. 2004-ஆம் வருஷம் டிசம்பரில் நம் கரையில் கடல் ஏறி வந்ததை அறிந்தவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. என் மனைவியின் ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். அவள் கோட்டை மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நதியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரத்தைத் திரும்பக் கட்டியவர் பிற்காலத்தில் மார்க்விஸ் பொம்பால் என்று பட்டம் பெற்ற மந்திரி. பொல்லாத மனிதர், எதிர்த்தவர்களைத் தீர்த்துக்கட்டத் தயங்காதவர். ஆனால் காரியவாதி. சுவருக்குள்ளே மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துக் கூண்டு போல் அமைத்து வீடு கட்டும்படி ஏற்பாடு செய்தார். பூமி ஆடினால் செங்கல் உதிரும், கூண்டு நிற்கும். மாதிரிக்கு ஒன்று கட்டி, சிப்பாய்களைச் சுற்றிலும் தடதடவென்று நடக்கச் சொல்லிப் பரீட்சை பார்த்தார்களாம்! பொம்பால் செய்த மற்றொரு வேலை எனக்கு இன்னும் ரஸமாகப் படுகிறது. ராஜ்யத்திலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் கேள்வித்தாள் ஒன்று அனுப்பினார்: அதிர்ச்சி எத்தனை நேரம் இருந்தது, கடல் முதலில் உள்வாங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்றெல்லாம். பூகம்பத்தைத் தெய்வ கோபமென்று ஊரெல்லாம் பிரசங்கம் நடந்துகொண்டிருந்த நாளில் இந்தக் கேள்விகள்!

பூகம்பத்தின் அடையாளமாக ஒரே ஒரு கோவிலை இடிந்த நிலையிலேயே விட்டிருக்கிறார்கள். கார்மோ மடாலயம் என்று பெயர். கூரை இல்லை. கல் வளைவுகள் மாத்திரம் ஆகாசத்தைத் தாங்கி நிற்கின்றன. அதன் வாசலிலுள்ள சிறு சதுக்கத்தில் இன்னொரு சரித்திரமும் நடந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் போர்ச்சுக்கலை நசுக்கி வைத்திருந்த சர்வாதிகாரம் 1974-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி இங்கேதான் முடிவடைந்தது. பிரதம மந்திரி கயெத்தானோ இந்தச் சதுக்கத்துப் போலீஸ் பாசறைக்குள் ஒளிந்திருந்து, கிளர்ந்தெழுந்த ராணுவத்தாரிடம் சரணடைந்தார். ஜனங்கள் சிப்பாய்களின் துப்பாக்கி வாயில் செந்நிறக் கார்னேஷன் புஷ்பங்களைச் செருகினார்கள்.

இதில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. கோவாவை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அந்தச் சர்வாதிகாரத்தின் கர்த்தாவான ஸாலஸார். 1955-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி நிராயுதபாணிகளாக எல்லையைக் கடந்த சத்தியாக்கிரகிகளைச் சுட்டது அவருடைய சர்க்கார். 1961 டிசம்பரில் நம் ராணுவம் கோவாவில் புகுந்தது. நானூற்றைம்பது வருஷத்து ஆட்சி முடிந்தது. ஆயினும் அந்த உண்மையைப் போர்ச்சுக்கல் ஒப்புக்கொண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, தன் சர்வாதிகாரத்தைத் தானே தொலைத்த பிறகுதான். 1974-ஆம் வருஷத்தின் கடைசி நாளில். தங்களுக்குச் சுதந்திரம் வந்த பின்புதான் பிறர் சுதந்திரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது போலும்!

மடாலயத்திலிருந்து இறங்கி, நேர்கோட்டுத் தெருக்களுக்கு வந்தோம். பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழிலின் பெயர். ஒரு தெருப் பலகையை என் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "சப்பாத்தேரோஸ். செருப்புத் தைப்பவர்கள் தெருவாம். அப்பா! சப்பாத்து!" யாழ்ப்பாணத்தார் இன்றும் சப்பாத்து என்றுதானே சொல்லுகிறார்கள்? அதற்கப்புறம் குழந்தைகளுக்கு இதுவே விளையாட்டாயிற்று. நாங்கள் இறங்கியிருந்த ஜாகையின் சொந்தக்காரி திறவுகோலைக் கொடுத்து, "ஷாவ்" என்றாள். அது நம்முடைய சாவி. காற்று வரட்டும் என்று எதையோ சுட்டிக்காட்டி, "ஜனேலா" என்றாள். "அம்மா! இந்த ஊரிலும் ஜன்னல் ஜன்னல்தான்!" என்று பையன் குதித்தான். மேஜை, அலமாரி, கோப்பை, பீப்பாய், பொத்தான், துவாலை, வராந்தா, மேஸ்திரி, ஏலம் எல்லாம் இந்த ஊரிலிருந்து நம் வீட்டுக்கு வந்து குடியேறியவை. பதிலுக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்வது "மாங்கா".

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது மீன் ராஜ்யம். சைவர்களாகிய நாங்கள் உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் நம்பிக் காலம் தள்ளினோம். மைத்துனர் கட்டிக் கொடுத்த மிளகாய்ப் பொடிதான் துணை. அந்த மிளகாயும் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் நம் நாட்டுக்குக் கொண்டுவந்ததே என்று நான் சொன்னேன். "மிளகைக் கேட்டு வந்தார்கள், மிளகாயைக் கொடுத்துவிட்டுப் போனார்களாக்கும்" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் முழுவதையும் பெலெம் என்ற இடத்துக்கென்று ஒதுக்கியிருந்தோம். பெத்லகேம் என்பதன் மரூஉ அது. நகரத்துக்கு மேற்கே, நதி கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. 1497-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களோடும் சுமார் நூற்றெழுபது ஆட்களோடும் இங்கிருந்துதான் புறப்பட்டான். அடுத்த வருஷம் மே மாதம் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தான். அங்கே சாமூதிரி மகாராஜாவுக்கு அவன் எடுத்து வைத்த காணிக்கையின் ஜாபிதா இன்னும் இருக்கிறது: கோடு போட்ட துணி பன்னிரண்டு, சிவப்பு முக்காடு நாலு, தொப்பி ஆறு, பவழம் நாலு சரம், கை கழுவும் பாத்திரம் ஆறு, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிடச் சீராகக் கொண்டுவருவானே என்று அரண்மனை அதிகாரிகள் சிரித்தார்களாம். புறப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

நதிக்கரையில் பெலெம் கோபுரம் தண்ணீரில் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் காவலுக்காகக் கட்டியது. அதன் ஒரு மூலையில், காவல் கூண்டுக்கு அடியில், மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோன ஒரு மிருகத்தின் தலை இருக்கிறது. பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். காண்டாமிருகம்! கூர்ஜர தேசத்துச் சுல்தான் கொடுத்து, கோவாவிலிருந்து கப்பலேறி, 1515-ஆம் வருஷம் மே மாதம் லிஸ்பன் வந்து சேர்ந்தது அது. ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா கண்ட முதல் காண்டாமிருகம் அதுவே என்கிறார்கள். மானுவேல் அரசன் அதையும் ஓர் யானையையும் மோதவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டான், யானை ஓடிப்போயிற்று. பிறகு அதைப் போப்பரசருக்குக் காணிக்கையாக அனுப்பினான். இத்தாலிக் கரையருகே கப்பல் மூழ்கியது. சங்கிலியால் கட்டியிருந்தபடியால் நீந்தவும் முடியாமல் அந்த ஜீவன் இறந்தது. யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு, நேரில் பாராமலே ஜெர்மன் சித்திரக்காரர் டியூரர் வரைந்த அதன் படம் உலகப் பிரசித்தம்.

கோபுரத்திலிருந்து சற்றுத் தூரத்தில் ஜெரோனிமோஸ் மடாலயம். சுண்ணாம்புக் கல்லில் செய்த பிரம்மாண்டமான பேழை என்று சொல்லலாம். தூண்கள் தென்னை மரங்கள் போல் மெலிந்து உயர்ந்து, உச்சியில் மட்டை விரித்தாற்போல் கூரையோடு கலக்கின்றன. கப்பல் கயிறு, சங்கு, பவழம், இலை, கொடி எல்லாம் கல்லிலே. தாராசுரத்துச் சிற்பிகள் வந்து பார்த்தால் தலையசைத்திருப்பார்கள். 1500-ஐ ஒட்டிய வருஷங்களில் தொடங்கிய திருப்பணி ஏறக்குறைய நூறு வருஷம் நடந்தது. பணம் எங்கிருந்து வந்தது? கீழ்த்திசையிலிருந்து வந்திறங்கிய மிளகு முதலிய சரக்குகளின் மீது நூற்றுக்கு ஐந்து வீதம் வரி போட்டார்கள். மலையாளத்துக் குடியானவன் வெயிலில் காயவைத்த மிளகுதான் இத்தனை வேலைப்பாடாக எழுந்து நிற்கிறது. கர்ப்பக் கிருகம் போன்ற பகுதியில் அரசர்களின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் முதுகில் தாங்குகின்றன. நம் யானைகளுக்கு அங்கேயும் சுமைதான்!

உள்ளே நுழைந்தவுடன் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமா. எதிர்ப்பக்கம் அவன் யாத்திரையைக் காவியமாகப் பாடிய கவி கமோயன்ஸ். கவியின் பேழையில் இருப்பது அவருடைய எலும்புகள்தானா என்பதில் சந்தேகம் உண்டு. காமா 1524-ஆம் வருஷம் டிசம்பரில் கொச்சியில் இறந்தான். அங்கேயே புதைத்து, பிறகு 1539-இல் அவன் எலும்புகளை ஊருக்குக் கொண்டுபோனார்கள். இப்போதுள்ள கல்லறை பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. வெண்கல்லில் அவன் கை கூப்பியபடி படுத்திருக்கிறான். பக்கத்தில் கப்பலும் கோளமும் சிலுவையும் செதுக்கியிருக்கின்றன.

அந்தக் கூப்பிய கைகளை என் பெண் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது பிரயாணத்தில், 1502-இல், மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பலை அவன் மறித்து, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே வைத்தே எரித்தான். கோழிக்கோட்டுக் கடலில் அகப்பட்ட ஏழைச் செம்படவர்களைத் தூக்கிலிட்டு, கை கால்களை வெட்டிப் படகில் போட்டு ராஜாவுக்கு அனுப்பினான். இவையெல்லாம் எதிரிகள் கட்டிய கதை அல்ல. போர்த்துக்கீசியச் சரித்திரக்காரர்களே எழுதி வைத்தவை. முந்தின நாள் இரவு அவள் கேட்டதன் பேரில் நான் இவற்றைச் சொல்லியிருந்தேன். "இத்தனை அழகாகச் செய்து வைத்திருக்கிறார்களே!" என்றாள் அவள் இப்போது, கோபமாக. அதற்குத் தம்பி, "அவ்வளவு தூரம் வழி தெரியாமல் கப்பல் ஓட்டினானே, அது தைரியம் இல்லையா?" என்றான். "வழி தெரியாமல் இல்லை. ஆப்பிரிக்கக் கரையில் வழி தெரிந்த மாலுமியை ஏற்றிக்கொண்டுதான் வந்தான். அப்பா சொன்னாரே!" என்றாள் அக்காள். இரண்டு பேரும் நடுவர் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். "இந்தியாவைக் கண்டுபிடித்தான்" என்று பாட புத்தகங்கள் எழுதும் வாக்கியத்தை வகுப்பில் அடிக்கச் சொல்லுகிறவன் நான். ஆனாலும் பையன் சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டும் ஒரே மனிதனுடைய காரியங்கள் என்று மட்டும் சொன்னேன். பெண்ணுக்கு அது திருப்தியாக இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே போய்விட்டாள்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். அதே மடாலயக் கட்டடத்தின் மேற்குச் சிறகில் தேசியப் புதைபொருள் காட்சிசாலை இருக்கிறது. 1554-ஆம் வருஷத்தில் லிஸ்பன் நகரில் அச்சிட்ட கிறிஸ்தவ வேத போதனைச் சுவடி ஒன்று அந்தக் காட்சிசாலையின் சொத்து. அதன் பாஷை தமிழ். எழுத்து மட்டும் ரோம லிபி. கூடவே போர்த்துக்கீசியப் பொருள். இந்திய பாஷை ஒன்றில் அச்சான முதல் புத்தகம் அதுதான். கோவாவுக்கு அச்சு யந்திரம் வந்ததே அதற்கு இரண்டு வருஷம் கழித்து! அரசன் கட்டளையால் நடந்த அந்த வேலையைச் செய்தவர்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று கிறிஸ்தவர்கள்: விசென்தே த நஸரே, ஜார்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ். பெயர்கள் பறங்கிப் பெயர்கள். மனிதர்கள் நம் முத்துக் குளிக்கும் கரையைச் சேர்ந்த பரதவர்கள். காமா கல்லறையைக் காண வருகிறவர்கள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில். இந்த மூவருக்கும் ஒரு கல்லும் அங்கே நான் காணவில்லை. சொந்த ஊரை விட்டு எத்தனையோ மாதம் கடலில் வந்து, பனிக்காலத்து லிஸ்பனில் ஓர் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து, தங்கள் பேச்சை அந்நிய எழுத்தில் எப்படி அடக்குவது என்று அவர்கள் தவித்திருப்பதை நினைத்தால் எனக்குக் காமாவின் யாத்திரையைவிட அது பெரிதாகத் தோன்றுகிறது. பிறகு 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. அதைப் பலரும் அறிவார்கள். மூத்தது இது.

காட்சிசாலையைப் புதுப்பிக்கும் வேலைக்காக 2022-இல் மூடியிருந்தார்கள். நாங்கள் போன சமயம் வேலை முடியவில்லை. முன்பே விசாரித்திருந்ததால் எனக்கு இது தெரியும். இருந்தாலும் குடும்பத்தோடு அந்த நீண்ட சுவரின் ஓரமாக நடந்து, மூடிய கதவு வரையில் போனோம். பெண் எங்களுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, ரோம எழுத்தில் ழகரத்துக்கு என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டாள். கல்லறையிலிருந்து கோபித்துக்கொண்டு போனவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது!

பக்கத்துக் கடையில் 1837 முதல் செய்துவரும் பெலெம் பணியாரம் வாங்கினோம். மேலே லவங்கப் பட்டைப் பொடி தூவித் தருகிறார்கள். முட்டை சேர்ந்ததென்று மனைவி தொடவில்லை. குழந்தைகள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

லிஸ்பனுக்குப் போகிற நேயர்கள் காட்சிசாலை திறந்திருக்கிறதா, சுவடியை வெளியே வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போவது நலம். அந்தச் சுவடியின் நகலை 1970-இல் அதே காட்சிசாலையார் அச்சிட்டிருக்கிறார்கள். அது எந்த நூல்நிலையத்தில் கிடைக்கும் என்று தேடும் பொறுப்பை என் பெண் ஏற்றுக்கொண்டு, இதுவரையில் நாலு கடிதங்கள் எழுதியிருக்கிறாள்.